கோட்டை இல்லாத மலையில் கோட்டைப் பெயர்கள்

அயர்லாந்து நாட்டின் கிராமப்புறங்களிலே பிரயாணம் செய்து வந்தவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் சொல்வார்கள். பசும்புல் வெளி, மழைத் தூறல், மேய்ந்துகொண்டிருக்கும் மாடுகள், அவற்றின் நடுவே கூரையிழந்து, பாசி படர்ந்து நிற்கும் ஒரு கற்கோபுரம். யாரோ ஒரு குறுநில மன்னன் கட்டியது. பின்னர் யாரோ ஒரு பிரபு பறித்துக்கொண்டது. இன்று காக்கைகளுக்குச் சொந்தமானது.

பெல்பாஸ்ட் நகருக்குக் கிழக்கேயுள்ள குன்றுகளிலும் அப்படியொரு கோட்டை இருந்தது. ஓநீல் குலத்தவருடைய கோட்டை அது. ஐரிஷ் மொழியிலே அதன் பெயருக்குச் சாம்பல் வரியோடிய கோட்டை என்று பொருள் சொல்லலாம். அதன் இடிபாடுகளைப் பாதுகாக்க விரும்பிய காணிச் சொந்தக்காரர் ஒருவர், சுற்றிவர ஒரு மதில் எழுப்பும்படி உத்தரவிட்டாராம். வேலையை ஒப்புக்கொண்டவரோ, தூரத்திலிருந்து கல் சுமப்பானேன் என்று எண்ணி, கோட்டையையே பிரித்து அந்தக் கல்லாலேயே மதிலைக் கட்டி முடித்தாராம். மதில் நேர்த்தியாக அமைந்தது. உள்ளே பாதுகாக்கத்தான் எதுவும் மிஞ்சவில்லை! அந்தப் பக்கத்திலே இப்படி ஒரு கதை வழங்குகிறது.

நேயர்களே, அந்தக் கோட்டையின் பெயர் உங்களுக்கு மிகவும் பழக்கமானது. அட்டனிலிருந்து நோர்வூட்டுக்குப் போகிற பஸ்ஸிலே இடப்பக்கம் வலப்பக்கமாக மாறி மாறித் தண்ணீர் தெரியுமே, அதுதான் பெயர்: காசல்ரீ. 1800 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பாராளுமன்றத்தை ஒழித்து அந்நாட்டைப் பிரித்தானியாவோடு இணைக்கும் சட்டத்துக்காக முன்னின்று உழைத்த பிரபுவுக்கும் அதே பெயர்தான். அயர்லாந்தில் ஒரு கோட்டைக்கும் பிரபுவுக்கும் உரியதாயிருந்த பெயர் எங்கள் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. 1960 களிலே கெஹெல்கமு ஓயாவை மறித்து அணை கட்டியபோது தண்ணீருக்கும் வந்தது. கோட்டை அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பெயர் மாத்திரம் இரண்டு நாடுகளிலும் நிலைத்துவிட்டது.

இந்தப் பெயர் விவகாரத்தைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் தோட்டங்களின் பெயர்ப் பலகைகளை வரிசையாக வாசித்துக்கொண்டு போனால், ஸ்கொட்லாந்தின் கோட்டை கொத்தளங்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். அக்கரப்பத்தனையிலே பெல்மோரல்; தலவாக்கலையிலே ஹோலிரூட்; நானுஓயாவிலே எடின்பரோ. அரச குடும்பத்து மாளிகைகளும் தலைநகரமும் இவற்றுள் அடக்கம். இன்னொரு வரிசையும் உண்டு. இலக்கியம் பயின்றவர்களுக்கு அதுவே சுவையானது. அக்கரப்பத்தனையிலுள்ள வேவர்லி, சேர் வால்ட்டர் ஸ்கொட் எழுதிய நாவலின் பெயர். கினிகத்தேனைப் பக்கத்துக் கெனில்வர்த் என்பதும் அவருடைய இன்னொரு நாவலின் பெயர். ஓர் ஆங்கிலக் கோட்டையின் பெயருங்கூட. லிந்துலைப் பகுதியிலுள்ள அபட்ஸ்ஃபோர்ட் தோட்டமோ அவர் குடியிருந்த வீட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. அடர்ந்த காட்டின் நடுவே, அட்டைக் கடியோடும் மழையோடும் தனித்திருந்த அந்த இளைஞர்களுக்கு, ஊரிலே படித்த வீரக் கதைகளின் பெயர்கள் துணையாக இருந்திருக்கும் போலும். அதை நான் பரிகசிக்கவில்லை. தாயகத்தை விட்டு வந்தவன் பெயரையாவது தூக்கிக்கொண்டு வருவான். எங்கள் பாட்டன்மாரும் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் குலதெய்வங்களின் பெயர்களைத் தூக்கிக்கொண்டுதானே வந்தார்கள்!

பூண்டுலோயாவிலுள்ள டன்சினன் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலே மன்னனுடைய கோட்டை இருக்கும் மலை அது. பேர்னம் வனம் டன்சினன் மலைக்கு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை என்று மந்திரக்காரிகள் ஏவிய ஆவி ஒன்று அவனுக்குச் சொல்லும். காடு நடக்குமா என்று அவன் இறுமாந்திருப்பான். மரக்கிளைகளை ஒடித்துப் பிடித்தபடி எதிரிப் படை வரும்போது காடே நடந்து வருவதுபோல் இருக்கும். எங்கள் டன்சினனிலே நடந்தது அதற்கு நேர்மாறானது. இங்கே காடு நடந்து போய்விட்டது. கோடரி பிடித்தவர்களிலே சுற்றுவட்டத்துச் சிங்களக் கிராமத்தவர்களும் இருந்தார்கள். வெட்டிய நிலத்திலே முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டு வளர்த்தவர்கள், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த எங்கள் ஆட்கள்.

அவர்களும் இந்தத் தோட்டங்களுக்குப் பெயர் வைத்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். கங்காணியின் பெயராலும், மலையின் சாயலாலும், துரையின் குணத்தாலும் அமைந்த பெயர்கள் அவை. பழைய பெர்குசன் டிரெக்டரியிலே ஆங்கிலப் பெயர்களோடு சேர்த்து, தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் அச்சிட்டிருக்கிறார்கள். ஆட்களைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டால் வேலை ஆகாது, ஆகவே அச்சிட்டார்கள். இன்று அந்தப் பெயர்களிலே பாதிக்கு மேல் வயோதிபர்களின் வாயிலே மாத்திரம் இருக்கின்றன.

சில வருடங்களாக, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இந்த மலைகளிலுள்ள பழைய கட்டடங்களையும் கல்லறைகளையும் போய்ப் பார்த்து வருகிறேன். யாழ்ப்பாணத்திலே கோட்டை உண்டு, திருகோணமலையிலும் உண்டு. நமக்கு என்ன இருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்ட கேள்வியே இதற்குத் தூண்டுதல்.

முதலில் போனது டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையிலுள்ள வார்லி தேவாலயத்துக்கு. 1878 இல் கட்டியது. கருங்கல் சுவர், வண்ணக் கண்ணாடி யன்னல்கள், கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். இங்கிலாந்தின் கிராமமொன்றைப் பெயர்த்து எடுத்து வந்து வைத்தது போலிருக்கும். 1869 இலேயே கோப்பி இலை நோய் தலைகாட்டிவிட்டது. 1878 என்பது துரைமாரின் செல்வம் கண்முன்னே உதிர்ந்துகொண்டிருந்த காலம். அந்தக் காலத்திலும் இத்தனை கவனமாக ஓர் ஆலயத்தை எழுப்பியிருக்கிறார்களே என்று வியப்பாகத்தான் இருந்தது. சுற்றிவரச் சவக்காலை. கல்லிலே பெயர், ஊர், பிறந்த திகதி, இறந்த திகதி எல்லாம் வெட்டியிருக்கிறது. இளவயதிலே போனவர்கள் பலர்.

அங்கே புல் செதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கண்டு நிமிர்ந்தார்.

"யாரைத் தேடுறீங்க தம்பி? சொந்தக்காரங்க யாராச்சும் இங்க இருக்காங்களா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்."

"வெள்ளைக்காரங்க வருவாங்க. பேரைத் தேடிக் கண்டுபிடிச்சு, படம் எடுத்துக்கிட்டு, கண்ணுல தண்ணி விட்டுட்டுப் போவாங்க. எங்க பாட்டனையும் பக்கத்து டிவிசன்லதான் பொதச்சாங்க. எந்த எடம்னு எங்கப்பாவுக்குத் தெரியும். அவரும் போயிட்டாரு."

இதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடி குனிந்து செதுக்கத் தொடங்கினார். அவருடைய குரலிலே கோபமோ ஏக்கமோ இருந்ததாக எனக்குப் படவில்லை. ஒரு தகவலைச் சொன்னார், அவ்வளவுதான்.

அங்கிருந்து பொகவந்தலாவை அதிக தூரமில்லை. புனித மரியாள் தேவாலயத்தின் சவக்காலையிலே ஒரு கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். இலக்கிய நேயர்கள் அவசியம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது. மனைவி ஜூலியா மார்கரெட் கமரோன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதிலே மகள் பரிசளித்த கமராவைக் கையிலெடுத்து, புகைப்படத்தை ஒரு கலையாக்கியவர்களுள் ஒருவரானார். கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின் ஆகியோரின் முகங்களை உலகம் இன்றும் இவருடைய படங்கள் வழியாகவே காண்கிறது. எழுத்தாளர் வெர்ஜீனியா வூல்ஃபின் தாயாருக்கு இவர் பெரியம்மா முறை. 1875 இல் கணவரோடு இலங்கைக்குக் கப்பலேறியபோது, இங்கே நல்ல சவப்பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டு வந்தார்களாம். வெர்ஜீனியா வூல்ஃப் இந்தப் பயணத்தை வைத்து ஒரு வேடிக்கை நாடகமே எழுதினார். 1879 ஜனவரி 26 ஆம் திகதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே மகனுடைய தோட்ட பங்களாவில் ஜூலியாவின் உயிர் பிரிந்தது.

கணவர் சார்ள்ஸ் ஹே கமரோன் 1880 இல் இறந்தார். அவருடைய பெயரைப் பாடசாலையிலே நாம் அனைவரும் மனனம் செய்திருக்கிறோம்; ஆனால் அவர் பொகவந்தலாவை மண்ணிலே கிடக்கிறார் என்று எவரும் சொல்லித் தருவதில்லை. கோல்புறூக் கமரோன் ஆணைக்குழு என்று படித்தோமே, அந்தக் கமரோன்தான் இவர். கண்டி இராச்சியத்துப் பிரதேசங்களையும் கரையோரத்தையும் 1833 இல் ஒரே நிருவாகத்தின் கீழ் கொண்டுவந்ததும், இராஜகாரிய முறையை நீக்கியதும் அந்தச் சீர்திருத்தங்களே. பெருந்தோட்டங்களுக்கு இந்த மலைகள் திறந்துவிடப்பட்டதற்கும், கூலிக்கு ஆள் தேடிக் கடலுக்கு அப்பால் போக நேர்ந்ததற்கும் அவற்றிலே ஒரு பங்கு உண்டு. சட்டத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர், பிற்காலத்திலே தாமே இங்கு கோப்பிக் காணி வாங்கி, அந்தக் கோப்பி அழிந்துகொண்டிருக்கும்போது இங்கேயே வந்து இறந்தார். ஒரு கல்லறைக்குள்ளே எத்தனை சரித்திரம்!

ஜூலியா இலங்கையில் எடுத்த படங்களிலே முப்பதுகூட எஞ்சவில்லை. அவற்றை நூல்களிலே பார்த்திருக்கிறேன். டெனிசனைப் படம்பிடித்த அதே கண், அதே பரிவு, அதே நிழலும் ஒளியும். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கிலாந்துப் படங்களின் கீழே பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவற்றிலே பெரும்பாலும் இலங்கைப் பெண், களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்றுதான் இருக்கிறது. முகம் கிடைத்தவர்களுக்கும் பெயர் கிடைக்கவில்லை.

தேயிலையின் ஆதியைக் காண ஹேவாஹெட்டப் பக்கமுள்ள லூல்கந்துர தோட்டத்துக்குப் போக வேண்டும். அது நுவரெலியா மாவட்டத்துக்கு வெளியே, கண்டி மாவட்டத்தில் உள்ளது. 17 வயது நிரம்பு முன்பே, 1852 இல், ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரிலே தேயிலை நட்டது அங்கேதான். அவருடைய மரவீட்டிலே எஞ்சியிருப்பது அடுப்பும் புகைபோக்கியும். சற்று மேலே, அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்ப்பாராம் என்று காட்டுகிற கல்லாசனம். கோட்டை கொத்தளம் எதுவும் இல்லை. எனக்கு அதுவே பிடித்திருந்தது. முதல் கொழுந்தை பங்களா விறாந்தையிலே வைத்து உருட்டிய மனிதருக்கு ஒரு புகைபோக்கிதான் தகுந்த சின்னம்.

டெய்லர் 1892 மே 2 ஆம் திகதி வயிற்றோட்டத்தால் இறந்தார். அவருடைய உடலைக் கண்டிக்குக் கொண்டுபோனவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள். இருபத்து நான்கு பேர், பன்னிரண்டு பன்னிரண்டாக முறை வைத்துத் தோள் மாற்றிச் சுமந்து, ஏறக்குறைய பதினெட்டு மைல் நடந்து மஹியாவை மயானத்திலே சேர்த்தார்கள். அவரைச் சாமி துரை என்று அழைத்தார்களாம். டெய்லரின் கல்லிலே தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று பொறித்திருக்கிறது. சுமந்தவர்களின் எண்ணிக்கையைச் சரித்திரம் இத்தனை துல்லியமாகக் கொடுக்கிறதே, ஒரு பெயரையாவது கொடுத்திருக்கக் கூடாதா?

அதே ஹேவாஹெட்டப் பகுதியிலேதான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரி 10 ஆம் திகதி, சம்பளப் போராட்டத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்த இடம். அவருக்காவது பெயர் இருக்கிறது. ஜனவரி 10 ஐத் தியாகிகள் தினமாக நினைவுகூரும் வழக்கமும் மலையகத்தில் உண்டு.

எங்கள் மலையிலே கோட்டையே இல்லை என்று மேலே சொன்னேன். உண்மையிலே ஒன்று இருக்கிறது; அது மிகப் புதியது. அட்டன் நுவரெலியா வீதியிலே, தலவாக்கலைக்கு இப்பால், ஸ்கொட்லாந்துக் கோட்டையின் சாயலில் கொத்தளங்களோடு ஒரு தேயிலைக் கம்பனி கட்டியிருக்கும் மாளிகைதான் அது. உள்ளே தேநீர் விற்கிறார்கள். வாசலிலே டெய்லருக்குச் சிலை. உல்லாசப் பிரயாணிகள் அங்கே இறங்கி, அருவிகளைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பார்கள். குடிக்கட்டும், தேநீர் நன்றாகவே இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்திலே டெவன் என்னும் பெயர் அருவிக்கு மாத்திரமல்ல, ஒரு தோட்டத்துக்கும் உரியது. 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு எதிராகத் தொழிலாளர் திரண்டபோது, 1977 மே 11 ஆம் திகதி, சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானது அந்த டெவன் தோட்டத்திலேதான். அந்தக் காணி இன்றும் தேயிலையாகவே இருக்கிறதென்றால் அதற்கு ஒரு விலை கொடுபட்டிருக்கிறது. அருவியைக் காட்டும் வழிகாட்டிகளிலே எத்தனை பேர் இதையும் ஒரு வரியாகச் சொல்வார்கள்?

இனி, நான் பார்த்தவற்றிலே என் மனதை விட்டு அகலாத இடம் ஒன்றைச் சொல்கிறேன்.

மலையகத்தின் சரித்திரம் வெள்ளைக்காரரோடு தொடங்கியதல்ல. கினிகத்தேனைக்கு அருகே அம்பகமுவையிலே முதலாம் விஜயபாகு மன்னனின் கல்வெட்டு இருக்கிறது. 1055 முதல் 1110 வரை ஆண்டவன் அவன். சிவனொளிபாத மலைக்குப் போகிற யாத்திரிகர்களுக்கு அன்னமிடுவதற்காக அவன் செய்த ஏற்பாடுகளை அந்தக் கல் சொல்கிறது. அந்த மலையின் அடிவாரத்திலே, யாத்திரைப் பாதையிலே வளர்ந்த ஊர் மஸ்கெலியா. இன்று நாம் காணும் மஸ்கெலியா அல்ல, பழைய மஸ்கெலியா. 1960 களின் பிற்பகுதியிலே மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக அந்த ஊர் தண்ணீருக்குள் போயிற்று. மக்கள் மேட்டுக்கு ஏறினார்கள், கடைகள் ஏறின, தெய்வங்களும் ஏறின. கட்டடங்கள் கீழேயே நின்றன.

கடும் வரட்சியிலே நீர்மட்டம் இறங்கும்போது அவை தலைகாட்டும். அப்படியொரு சமயத்திலே நான் போயிருந்தேன். வெடித்துக் கிடந்த சேற்றிலே நடந்து போனால், சண்முகநாதர் கோயிலின் இடிபாடு. அதற்கு எட்டுகிற தூரத்திலே பௌத்த விகாரையின் சுவர்கள். இன்னொரு பக்கம் பள்ளிவாசல். அயர்லாந்தின் கோபுரங்களுக்குப் பாசி என்றால் இவற்றுக்குச் சேறு. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு மூதாட்டி பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுந்தரையைக் காட்டி, "இதுதான்டா சாமி கடைத் தெரு. இங்கதான் எங்கம்மா எனக்கு வளையல் வாங்கிப் போட்டுச்சு" என்றார். பையன் சுற்றுமுற்றும் பார்த்தான். அவனுக்குச் சேறுதான் தெரிந்திருக்கும். அந்த அம்மாவுக்கோ வளையல் கடை தெரிந்தது. மழை பெய்ததும் எல்லாம் மறைந்துவிடும். அந்தத் தண்ணீரிலே பிறக்கிற மின்சாரம் நாடெங்கும் போகிறது. அணை கட்டியது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. மூழ்கு முன்பு அந்த ஊரின் வீதி வரைபடம், கடைப் பெயர்கள், கோயில் கணக்கு ஆகியவற்றை ஒருவராவது ஒரு கொப்பியிலே எழுதி வைத்திருந்தால் எவ்வளவு பெறுமதியாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மாணவனுடைய கேள்விக்கு வருகிறேன். நமக்கு இருப்பது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவை வரிசையாக ஒட்டி வைத்து, முன்னே ஒரு சின்ன விறாந்தை, மேலே தகரம். நூறு வருடத்தைத் தாண்டிய லயங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றிலே ஆட்களும் இருக்கிறார்கள். தொல்பொருளாக வேண்டியதிலே இன்றும் குடும்பம் நடத்துவது நாங்கள்தான்! தனி வீடுகள் கட்டுவதற்காக லயங்களை உடைக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கு மகிழ்ச்சியே. உடைக்கத்தான் வேண்டும். ஆனால் கடைசி லயத்தையும் பிரித்து அந்தக் கல்லிலே அத்திவாரம் போட்டுவிட்டு, பிறகு நினைவுச் சின்னம் எழுப்ப நிதி சேர்த்தோமானால், ஐரிஷ் கொத்தனாரின் மதிலைத்தான் நாமும் கட்டியவர்களாவோம்.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கம்பளைக்கு அருகே பரதெக்கவில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்து லயமொன்றையே தேயிலைத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகமாக 2007 இல் ஆக்கினார்கள். ஹந்தானையிலே பழைய தொழிற்சாலையிலுள்ள தேயிலை அரும்பொருட்காட்சியகத்திலே இயந்திரங்களைப் பார்த்தவர்கள், இங்கே வந்து அவற்றை இயக்கியவர்களின் அம்மியையும் விளக்கையும் பார்க்க வேண்டும். மடக்கும்புர தோட்டத்திலே 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை செய்ததும் இத்தகைய வேலைதான். தோட்டத்து மக்களின் வாய்ப்பாட்டுகளைத் தேடித் திரட்டி, 1983 இல் மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்று நூலாக்கினார். அவர் திரட்டியிராவிட்டால் அவற்றிலே எத்தனை பாட்டு பாடினவர்களோடு போயிருக்கும்! 2023 இல், இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போனார்களே, அந்த நடையும் ஒருவகையிலே பழைய பாதையை மீண்டும் வரைந்து பார்த்ததுதான்.

எஞ்சியது தோட்டந்தோறும் சிதறிக் கிடக்கிறது. ஸ்டோரின் மூலையிலே செக்ரோல் புத்தகங்கள், தகரப் பெட்டிக்குள்ளே பிரஜாவுரிமைக் கடிதங்கள், கோயில்களிலே மணி. மணியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். ஊரிலே வார்ப்பித்துக் கொண்டுவந்த பழைய மணிகளின் விளிம்பிலே உபயகாரரின் பெயரும் ஊரும் வருடமும் இருப்பதுண்டு. டிக்கோயாப் பக்கத்துச் சிறிய மாரியம்மன் கோயிலொன்றிலே, எண்ணெயும் கரியும் படிந்திருந்த மணியைப் பூசாரியாரின் அனுமதியோடு துடைத்துப் பார்த்தோம். ஒரு கங்காணியின் பெயர், துறையூர் என்று ஊர், வருடத்திலே முதல் மூன்று இலக்கங்கள் தெளிவாக, 189 என்று. நாலாவது இலக்கம் நாக்கு அடித்து அடித்துத் தேய்ந்துவிட்டது. மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒற்றி எடுத்தோம். அந்தத் தாள் இப்போது பாடசாலை நூலகத்திலே, கண்ணாடிக்குள்ளே இருக்கிறது.